மூன்றாம் நம்பர் வீட்டுக் கை

அன்றைக்கு எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மீதியைச் சொன்னால் உங்களுக்குக் கணக்குப் பிடிபடாது.

செயலாளர் வேதமூர்த்தி, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒன்றாம் நம்பர் வீடு. அவர் பக்கத்தில் ஆனந்தவல்லி டீச்சர், ஆறு. அவர்களுக்குப் பின்னால் நான்கு அம்மாக்கள், எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினேழு. இந்தப் பக்கம் தண்டபாணி, ஐந்து. சின்னப்பராஜ், பதினொன்று. பதிமூன்றும் பதினான்கும் அண்ணன் தம்பி. ஆடிட்டர், பதினைந்து. பல் டாக்டர், பதினெட்டு. பிறகு என் வீட்டுக்காரி மயிலாத்தா, மூன்று. வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டு பேர், நான்காம் நம்பர் கம்ப்யூட்டர்காரர், ஒன்பதாம் நம்பர் ஷெரின். கதவோரம் வாட்ச்மேன் பொம்மையன். கடைசி நாற்காலியில் நான். மொத்தம் பதினேழு தலை. அதில் தூக்கக்கூடிய கை பதிமூன்று. மீதி மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆள் வெளிநாட்டில்.

நீங்கள் கேட்டது, இந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக உடுமலைக்கு எங்கே போகிறீர்கள் என்று. அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ் கிணத்துக்கடவு வருவதற்குள் முடித்துவிடுகிறேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. உங்களை இனிமேல் பார்க்கப் போவதில்லை என்பதால் பேசுகிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. எட்டாவது வரைக்கும் படித்தேன். முப்பத்து மூன்று வருஷம் நூல் மில்லில் வேலை. கடைசிப் பதினேழு வருஷம் மேஸ்திரி. ஸ்பின்னிங் கூடத்தில் எத்தனை மிஷின் ஓடும் தெரியுமா? நாற்பத்திரண்டு. பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் பேசுவோம். அந்தச் சத்தத்தில் எந்த மிஷினில் எந்த பேரிங் போகப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படி முப்பத்து மூன்று வருஷம் கேட்டாயிற்று, போதும், இனி எனக்குச் சத்தமே வேண்டாம் என்றுதான் அந்த அடுக்குமாடிக்கு வந்தோம். மஸ்கட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த வீடு. மயிலாத்தாவுக்கு முழங்கால் வலி, அதனால் தரைத்தளம். அவன் பத்திரத்தை அம்மா பெயரில் போட்டான். நானும் சரி என்றேன். அவள் பெயரில் இருந்தால் என்ன, என் பெயரில் இருந்தால் என்ன, வீடு ஒன்றுதானே என்று நினைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் ஒரு நீச்சல் குளம் உண்டு. நான்கு வருஷம் அதில் காக்காய் தவிர யாரும் இறங்கவில்லை. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். அப்புறம் இந்த ஷெரின் குடிவந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று பயிற்சி செய்தால் பெரியவர்களுக்கு மூட்டு வலி குறையும் என்று சொன்னாளாம். டீச்சர் பிடித்துக்கொண்டார். செயலாளர் தலையாட்டினார். கார்த்திகை பிறந்ததும் ஹீட் பம்ப் வந்து இறங்கியது.

ஹீட் பம்ப் பார்த்திருக்கிறீர்களா? ஏ.சி.க்கு வெளியே ஒரு பெட்டி மாட்டியிருப்பார்களே, அதை நாலு மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். காற்றில் இருக்கிற சூட்டைப் பிடுங்கித் தண்ணீரில் விடும். குளிர்ந்த காற்றை வெளியே துப்பும். எங்கே துப்பும்? என் படுக்கையறை ஜன்னலில். அதை வைத்த இடம் என் சுவர் ஓரம். என் கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் மட்டும்தான்.

விடியக்காலை ஐந்து பத்துக்கு ஆரம்பிக்கும். ம்ம்ம் என்று. அது காதில் கேட்கிற சத்தம் இல்லை. பல்லில் கேட்கும். தலையணையில் கேட்கும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் தண்ணீர் மேலே வட்டம் வட்டமாக ஓடும். நான் நோட்டுப் போட்டேன். ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், எத்தனை நிமிஷம். கூட்டம் நடந்த நாள் வரைக்கும் தொண்ணூற்று நான்கு நாள். ஐந்நூற்று அறுபத்தொரு மணி நேரம் ஓடியிருக்கிறது.

பத்து மணிக்கு நான் வெளியே கிளம்பிவிடுவேன். வீட்டில் இருக்க முடியாது. நூலகம் போவேன், மனு எழுதுவேன், ஏதாவது ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மொத்தம் பதினான்கு மனு. ஒன்பது சங்கத்துக்கு, ஐந்து வெளியே. பன்னிரண்டுக்குத்தான் திரும்புவேன். நான் இல்லாத நேரத்தில் மிஷின் எப்போது நின்றது என்று யார் எழுதுவது? மயிலாத்தா சொல்லுவாள். "பதினொண்ணே காலுக்கு நின்னுதுங்க." மறுநாள், "இன்னைக்குப் பதினொண்ணு இருபதுங்க, அஞ்சு நிமிசம் அதிகமா ஓட்டுனாங்க." அவளுக்குக் கடிகாரம் பார்க்கிற வழக்கமே கிடையாது. ஆனாலும் ஒரு நாள் பிசகியதில்லை. செயலாளரின் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன், நிமிஷம் மாறவில்லை. என் பொருட்டு அவள் அவ்வளவு அக்கறையாகக் கவனிக்கிறாள் என்று எனக்குப் பெருமை.

அந்த மிஷின் அவளை எப்படிப் பாதித்தது என்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தலைக்குக் குளிக்க ஆரம்பித்தாள். நான் பன்னிரண்டுக்கு வரும்போது தலை ஈரமாக இருக்கும். "ஏன் மறுபடியும் குளிச்சே?" என்றால், "ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி இருக்குதுங்க" என்பாள். ஒரு மாதிரி என்றால் என்ன? அதிர்வு. சுவர் அதிர்ந்தால் உடம்பு அதிராதா? அது போதாதென்று தலைமுடியில் குளோரின் வாடை. குளத்துக் காற்றை அந்த மிஷின் உறிஞ்சி எங்கள் ஜன்னலில் துப்புகிறது, வாடை அவள் முடியில் ஏறுகிறது. என் தலையில் ஏன் ஏறவில்லை என்று தண்டபாணி கேட்டார். எனக்கு முடி ஏது, எங்கே ஏறும்? இதையெல்லாம் விடாமல் மனுவில் எழுதினேன்.

இன்னொன்று. எங்கள் கொடியில் ஒரு கறுப்பு உடுப்பு காயும். கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த மாதிரி, வழவழவென்று. கொடியில் எப்போதும் பன்னிரண்டு கிளிப், அதில் நான்கை இது பிடித்துக்கொண்டது. "யாருது?" என்றேன். "ஷெரின் புள்ளையுதுங்க, அவ வீட்டுல வெயிலே வர்றதில்ல" என்றாள். அந்தப் பெண் குச்சி மாதிரி இருப்பாள். உடுப்பு இரண்டு ஆள் நுழைகிற அளவு. இந்தக் காலத்துப் பெண்கள் தொளதொளவென்று போடுகிறார்கள், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். எதிரி வீட்டுத் துணிக்கும் கொடியில் இடம் கொடுக்கிறாளே, இவளை மாதிரி ஆள் உண்டா என்றுகூட நினைத்தேன்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பஸ்ஸில் ஏறும்போது பார்த்தேன். கம்பியைப் பிடித்து, இடது காலை வைத்து, வலது காலை இழுத்தீர்கள். அவளும் கடைசி இரண்டு வருஷம் அப்படித்தான். கோயிலில் நான்கு படி ஏற நான் தோள் கொடுக்க வேண்டும். கணுவாய் வைத்தியரிடம் ஒரு தைலம் கேட்டு வாங்கினேன். ஒரு பாட்டில் ஏழு நாளைக்கு. திங்கட்கிழமைதோறும் ஒன்று. நானே தேய்த்துவிடுகிறேன் என்றேன். "உங்க கை மில்லுக் கை, சொரசொரன்னு இருக்குது. நானே போட்டுக்கறேன், வெச்சுட்டுப் போங்க" என்றாள். வைத்தேன். பதினொரு திங்கட்கிழமை, பதினொரு பாட்டில்.

தைலம் கேட்டது பாருங்கள்! தை மாதக் கடைசியில் ஒரு நாள், மிளகாய் காயப்போட மொட்டை மாடிக்குக் கிளம்பினாள். ஐம்பத்து நான்கு படி. லிப்ட் பழுது. நான் கீழே நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினெட்டில் நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. முப்பத்தாறிலும் நிற்கவில்லை. கைப்பிடியைத் தொடவே இல்லை. மேலே போய் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வாயத் தொறந்துட்டு நிக்கறீங்க? மொறத்த எடுத்துட்டு வாங்க" என்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே அடுக்குமாடி முழுக்கத் தைலத்தின் பெயரைச் சொன்னேன். டீச்சரிடமும் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல தைலம்தான் அண்ணா, விடாமப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றார். எதிரியாக இருந்தாலும் நல்லதை ஒப்புக்கொள்கிறாரே என்று நினைத்தேன்.

என்ன கேட்கிறீர்கள்? சத்தத்துக்குக் காரணம் தெரியாதா என்றா? எனக்கா? முதல் நாளே தெரியும். மிஷினுக்கு நான்கு கால். நான்கு காலையும் நேராகக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறான். அந்தக் கான்கிரீட் என் சுவரோடு ஒட்டியது. மிஷின் நடுங்கினால் சுவர் நடுங்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு விரல் தடிமனில் ரப்பர் கொடுத்தால் போதும். நான்கு துண்டு. மில்லில் அரை மணி நேர வேலை. கம்பெனிக்காரன் வந்து போனைத் தூக்கிப் பிடித்து, "அம்பத்தெட்டு டெசிபல்தான் காட்டுதுங்க ஐயா, இது சத்தத்துல சேராது" என்றான். சத்தத்தை வெளியே நின்று அளக்கிறான், அது சுவருக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? யாராவது கேட்டார்களா? மேஸ்திரி, உங்களுக்கு மிஷின் தெரியுமே, வந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை? மனுவில் ரப்பர் என்று எழுதியிருந்தால் ரப்பரை வைத்துவிட்டு மிஷினையும் வைத்திருப்பார்கள். எனக்கு அந்த மிஷின் அங்கே இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஓட்டெடுப்பு என்று முடிவானது. வாடகைக்காரர்களுக்கும் ஓட்டு உண்டு என்றார் செயலாளர். அப்படியானால் ஷெரினும் கை தூக்குவாள். விடுவேனா? சங்க விதிப் புத்தகத்தை வாங்கி மூன்று நாள் படித்தேன். பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது, பத்திரத்தில் யார் பெயரோ அவருக்கே வாக்கு. அடிக்கோடு போட்டு மனு கொடுத்தேன். அதுதான் பதினான்காவது மனு. செயலாளர் படித்துவிட்டு, "அப்ப உங்க வீட்டுல அக்காதானே ஓட்டுப் போடணும்?" என்றார். "ஆமா, போடட்டும்" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

இந்தப் பக்கம் உட்கார்ந்த ஆறு பேரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருந்தேன். எனக்குக் கதவு தட்டவே கூச்சம், ஆனாலும் போனேன். ஆறும் எங்களோடு. எங்கள் வீட்டுக் கையோடு ஏழு. அவர்களுக்கு ஆறு. நோட்டில் எழுதி அதன் கீழே கோடும் போட்டேன்.

கூட்டத்தில் செயலாளர் என் மனுவை வாசித்தார். வாசிக்காமல் விட்டிருக்கலாம். வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "மேற்படி இயந்திரத்தின் அதிர்வால் என் மனைவி தினமும் இருமுறை தலைக்குக் குளிக்கும் நிலைக்கு ஆளாகியுள்ளார். அவருடைய தலைமுடியிலும் குளோரின் வாடை வீசுகிறது என்பதைத் தாழ்மையுடன்..." நான்கு அம்மாக்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது. ஷெரின் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். ஒரு மனிதனின் கஷ்டத்தைப் படித்தால் சிரிப்பார்களா? மயிலாத்தா மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷினை எடுக்கணும்கிறவங்க கை தூக்குங்க."

எண்ணினேன். ஐந்து, பதினொன்று, பதிமூன்று, பதினான்கு, பதினைந்து, பதினெட்டு. ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறு. மயிலாத்தாவின் கை மடியில் இருந்தது.

நான் பின்னால் இருந்து, "கையத் தூக்கு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"அக்காவுக்கு முழங்கால்தானுங்களே வலி, கையிலயும் வந்துருச்சா?" என்றார் சின்னப்பராஜ். அவர் என் ஆள். அவரே அப்படிக் கேட்டார்.

"மிஷின் இருக்கணும்கிறவங்க?"

அந்தப் பக்கம் ஆறு கை. ஏழாவதாக ஒரு கை. நேராக, காது ஒட்ட, வளையல் முழங்கை வரைக்கும் சரிய. மூன்றாம் நம்பர் வீட்டுக் கை.

கை தூக்கியதோடு விட்டாளா? எழுந்து நின்றாள். நாற்காலியைப் பிடிக்கவில்லை, முழங்காலில் கையை ஊன்றவில்லை, சும்மா எழுந்தாள். "நானும் போறேனுங்க" என்றாள். "மார்கழிக்கு முன்னாடி இருந்து போறேன். இவர் வெளிய கெளம்புனதும் போவேன். சத்தம் எனக்குந்தான் கேக்குது. ஆனா எனக்குக் கால் வேணுமுங்க." உட்கார்ந்துவிட்டாள்.

ஏழுக்கு ஆறு. வாட்ச்மேன் பொம்மையன்கூடக் கதவோரம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பதினேழு பேரில் தெரியாதவன் நான் ஒருவன்தான். நாற்பத்து நான்கு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறோம். எட்டு மணிக்கு இட்லியைப் போட்டுக்கொடுத்து, பத்து மணிக்கு "மனுவை மறந்துறாதீங்க, குடையை எடுத்துக்கங்க" என்று என்னை வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவைப்பாள். அக்கறை என்று நினைத்தேன். அவளுக்குப் பத்தரைக்கு வகுப்பு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"கேட்டிருந்தாத்தானே தெரியும்!"

"எனக்குத் தெரியும்" என்றாள். போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நீங்களே சொல்லுங்கள், விட்டிருக்க மாட்டேனா? அறுபத்தைந்து வயதில் அந்தக் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் இறங்கி, காலைத் தூக்கிக் கையைத் தூக்கி... விட்டிருக்க மாட்டேன்தான். அது வேறு விஷயம். கேட்காமல் போனாளே, அதைத்தான் சொல்கிறேன்.

மூன்று நாள் நான் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. காலையில் உடுப்பை மறைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டே போனாள். பதினொன்றே காலுக்கு வந்து, "இப்பத்தான் நின்னுது, எழுதிக்கங்க" என்றாள். கிண்டலா, நிஜமா? எனக்குப் புரியவில்லை. எழுதிக்கொண்டேன். நோட்டில் ஒரு நாள் விட்டுப்போனால் என்னால் தாங்க முடியாது.

நாலாம் நாள், உடுமலையில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். தடுப்பாள் என்று நினைத்தேன். "போய்ட்டு வாங்க, மனசு மாறும்" என்று பையை அவளே கட்டினாள். இந்தப் பை. இதை வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும் அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். அறுநூற்று நாற்பது அடி. எனக்கு முன்னால், விறுவிறுவென்று. நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஊரே பார்க்க ஒரு மனுஷனை இப்படி அவமானப்படுத்தலாமா? "எப்ப வருவீங்க?" என்றாள். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் கிளம்பியும் நின்றுகொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவளால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது.

வெள்ளிக்கிழமை திரும்புவேன். அவளுக்காக இல்லை. தம்பிக்குப் பழைய மில் சாமான் கடை இருக்கிறது. தடிமனான ரப்பர் ஷீட் ஏதாவது கிடக்கும். நான்கு துண்டு வெட்டிக்கொண்டு வரலாம் என்று பார்க்கிறேன். சிரிக்காதீர்கள். விட்டுக்கொடுக்கிறேன் என்று அர்த்தம் இல்லை. ஒரு மிஷினை அப்படி வெறும் தரையில் முறுக்கி வைத்தால் அடுத்த வருஷத்துக்குள் அதன் பேரிங் போய்விடும். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மிஷின் நின்றுவிட்டால் தண்ணீரும் பழையபடி பனிக்கட்டி ஆகிவிடும், வேறு என்ன.

ஆனால் ஒன்று. கால் குணமானது தண்ணீரால் என்று அவள் சொல்கிறாள், அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தைலம்தான். அதில் சந்தேகமே இல்லை. எழுபத்தேழு நாள், பதினொரு பாட்டில். தண்ணீரில் நின்றால் கால் சரியாகுமா? அப்படியென்றால் எருமைக்கெல்லாம் முழங்கால் வலியே வராது.

உங்களுக்கும் ஒன்று தருகிறேன், இருங்கள். "தம்பிக்குக் கொடுங்க, அவருக்கும் மூட்டு வலிதானே" என்று மீதியைப் பையில் போட்டிருப்பதாகச் சொன்னாள். ஒன்றோ இரண்டோ இருக்கும். நான் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் எண்ணாமல் தூக்கி வந்த பை இது ஒன்றுதான்.

இந்தத் துண்டைக் கொஞ்சம் பிடியுங்கள்.

ஒன்று. இரண்டு, மூன்று. இது நான்கு. ஐந்து, ஆறு, ஏழு. அடியில் இன்னும் இருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து. இதோ, பதினொன்று.

இந்த ஒன்றில்தான் சீல் உடைத்திருக்கிறது. அதிலும் கழுத்து வரைக்கும் தைலம் நிற்கிறது. மற்றதெல்லாம் மூடியில் சீல் அப்படியே.

கிணத்துக்கடவு வந்துவிட்டதா? சரி. நீங்கள் இங்கேதானே இறங்க வேண்டும்? இந்தாருங்கள், பிடியுங்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நல்ல தைலம். காலையும் மாலையும் போடுங்கள், ஏழு நாளைக்கு வரும். பார்த்து இறங்குங்கள், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடைத்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மிச்சம் ஒன்பது.